கப்பல் வருகிற ஊரில் காசு ஏன் தங்குவதில்லை?

திருகோணமலையில் பொருளியல் படிக்கிற ஒரு தம்பி கேட்டது: “உலகமயமாதலும் தடையற்ற வர்த்தகமும் ஏற்றத்தாழ்வைக் குறைத்தது என்று ஒரு விரிவுரையாளர் சொல்கிறார். கூட்டியது என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி? துறைமுகம், மாவாலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதம் எல்லாம் இருக்கிற எங்கள் ஊருக்கு இதால் கிடைத்தது என்ன? வெளிநாட்டு முதலீட்டை எதிர்ப்பதா, வரவேற்பதா?”

இரண்டு பேரும் பிழையாகச் சொல்லவில்லை. ஒருவர் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளக்கிறார், மற்றவர் ஒரே நாட்டுக்குள் ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார். முதலாவது 1990க்குப் பிறகு குறைந்தது. இரண்டாவது சீனா, இந்தியா, அமெரிக்கா உட்படப் பல பெரிய நாடுகளில் கூடியது. பரீட்சைக்கு இந்த அளவு காணும். ஊரையும் சேர்த்துக் கேட்டபடியால் நீட்டி எழுதுகிறேன்.

உலக வங்கியின் கணக்கில் 1990இல் கடும் வறுமையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 200 கோடிப் பேர். 2019இல் அது 70 கோடிக்குக் கிட்ட வந்துவிட்டது. இந்த இறக்கத்தில் பெரும் பங்கு சீனாவுடையது. நாற்பது வருடத்தில் அங்கே மட்டும் 80 கோடிப் பேர் அளவில் வறுமைக் கோட்டைத் தாண்டினார்கள். பிராங்கோ மிலானோவிச் என்ற பொருளியலாளர் உலகத்து மக்கள் எல்லாரையும் ஒரே நாட்டவர் மாதிரி வரிசையில் நிறுத்திக் கணக்குப் பார்த்தார். ஏற்றத்தாழ்வை அளக்கிற எண் ஜினிக் குறியீடு: எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் 0, எல்லாம் ஒருவர் கையில் என்றால் 100. 1988இல் 70 அளவில் இருந்த அந்தக் குறியீடு 2018 அளவில் 60க்கு இறங்கியிருந்தது. அவரும் கிறிஸ்டோஃப் லாக்னரும் 1988 முதல் 2008 வரை யாருடைய வருமானம் எவ்வளவு வளர்ந்தது என்று கீறிய கோடுதான் “யானை வளைவு”. யானையின் முதுகு உயர்ந்திருக்கிற இடம் ஆசியாவின் நடுத்தர வர்க்கம். துதிக்கை கீழே தொங்குகிற இடம் பணக்கார நாடுகளின் தொழிலாளர்கள். அவர்களுக்கு வளர்ச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. துதிக்கை மேலே சுருண்டு நிற்கிற நுனி உலகத்தின் உச்ச ஒரு வீதத்தினர். அமெரிக்காவின் பழைய ஆலை நகரங்களில் வர்த்தகத்தின் மேல் இவ்வளவு கோபம் ஏன் என்பதற்கு அந்தத் தொங்கல் ஒரு விளக்கம்.

இவை வருமானக் கணக்கு. சொத்தைப் பார்த்தால் கதை வேறு. 2022இன் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கைப்படி உலகச் சொத்தில் 76 வீதம் மேல் பத்து வீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப் பாதி மக்களிடம் இருப்பது 2 வீதம்.

இனி, சீனாவைத் தூக்கிவிட்டது தடையற்ற வர்த்தகமா? இதில்தான் நான் பல புத்தகங்களோடு முரண்படுகிறேன். தூக்கிவிட்டது வர்த்தகம்; “தடையற்ற” என்ற அடைமொழிக்கு அந்தப் பெருமையில் பங்கு குறைவு. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பரில். அதற்கு முன்னமே இருபது வருடமாக ஏற்றுமதிக் கதவை அகலத் திறந்து, இறக்குமதிக் கதவைப் பார்த்துப் பார்த்துத் திறந்து வந்திருக்கிறது. தென் கொரியாவும் அப்படித்தான். 1960 அளவில் இலங்கையின் ஆள்வீத வருமானம் கொரியாவுக்குக் குறைந்ததில்லை. கொரிய அரசாங்கம் கம்பனிகளுக்கு மலிவுக் கடன் கொடுத்தது, உள்நாட்டுச் சந்தையைக் காத்துக் கொடுத்தது, பதிலுக்கு இத்தனை டொலருக்கு ஏற்றுமதி செய்து காட்டு என்று கழுத்தைப் பிடித்தது. நாங்கள் 1977க்கு முன் காத்தோம், கழுத்தைப் பிடிக்கவில்லை. 1977க்குப் பின் கதவைத் திறந்தோம், அப்போதும் பிடிக்கவில்லை.

பணக்கார நாடுகளும் தங்களுக்குத் தேவையான இடத்தில் தடையை வைத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்குச் சுதந்திரத்தைப் போதித்தன. 1974இல் இருந்து 2004 முடியும் வரை பல்நார் ஒப்பந்தம் என்ற பெயரிலும் அதற்குப் பின் வந்த ஒப்பந்தத்தின் பெயரிலும் ஏழை நாடுகளின் துணிமணிக்கு நாடு நாடாகக் கோட்டா போட்டு வைத்திருந்தார்கள். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிக்குக் கொடுத்த மானியத்தால் விலை விழுகிறது என்று பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி நான்கும் 2003இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன.

எங்கள் கார்மென்ட்ஸ் தொழில் பிறந்ததே அந்தக் கோட்டாவால்தான். ஹொங்கொங் போன்ற இடங்களின் கம்பனிகளுக்குத் தங்கள் கோட்டா முடிந்துவிட்டது. கோட்டா மிச்சம் இருக்கிற நாடு தேடி வந்தவர்களுக்கு, 1978இல் திறந்த கட்டுநாயக்க வர்த்தக வலயம் வாய்த்தது. திறந்த பொருளாதாரத்தின் மிகப் பெரிய வெற்றி என்று நாங்கள் காட்டுகிற தொழில் ஒரு வர்த்தகத் தடையின் பிள்ளை! இப்போதும் அது சலுகையில் நடக்கிறது. ஐரோப்பா தீர்வை இல்லாமல் பொருளை உள்ளே விடுகிற ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010இல் பறிபோய் 2017இல் திரும்பி வந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா எங்கள் பொருளுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓகஸ்டில் 20 வீதத்துக்கு இறக்கியது. எங்கள் தையல் பிள்ளைகளின் வேலை வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போடுகிற வேகத்தில் ஆடுகிறது.

பாடப்புத்தகம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டில் மலிவாக வருவதைச் செய்து விற்று மற்றதை வாங்கலாம் என்று ரிக்கார்டோ 1817இல் சொன்ன ஒப்பீட்டு நன்மைக் கொள்கை சரியானது. வர்த்தகத்தால் இரண்டு நாட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் இலாபம். ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் 1941இல் சொன்னதும் சரி: நாட்டுக்கு இலாபம் என்றாலும் நாட்டுக்குள் ஒரு பகுதிக்கு நட்டம் நிச்சயம். வென்றவர்கள் தங்கள் இலாபத்தில் இருந்து தோற்றவர்களுக்கு ஈடு கொடுக்க “முடியும்” என்று புத்தகத்தில் ஒரு வசனம் வரும். முடியும் என்பது மெய். கொடுத்ததைக் கண்டவர்கள் குறைவு.

அந்த ஈடு கொடுக்காத கணக்கைப் பார்க்க வேறெங்கும் போகத் தேவையில்லை. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் மணல் தறையில் சின்ன வெங்காயம் செய்பவரின் கொப்பியைப் புரட்டினால் தெரியும். விதை வெங்காயம் முதலில் கைக்காசு கொடுத்து வாங்க வேண்டும். பிறகு நடுகைக் கூலி, களை பிடுங்கக் கூலி, உரம், மருந்து, தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் அல்லது கரண்ட். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. கடலுக்குப் போகிறவர்களுக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே அடி. பாதிக்கு மேல் கடையில் சொல்லி வைத்த கடன். இரண்டு, இரண்டரை மாதத்தில் கிண்டிக் காயவைத்துப் பிடி கட்டும்போதுதான் விலை என்னவென்று தெரியும். அந்த விலை குச்சவெளியில் தீர்வதில்லை. தம்புள்ளை, கொழும்புப் புறக்கோட்டை மொத்தச் சந்தைகளில் தீர்கிறது. அங்கே அது அன்றைக்கு இந்தியாவில் இருந்து எத்தனை கொள்கலன் வெங்காயம் இறங்கியது என்பதைப் பொறுத்திருக்கிறது.

இறக்குமதி வெங்காயத்துக்கு விசேட பண்ட அறவீடு என்று ஒன்று உண்டு, 2007இன் சட்டம். கிலோவுக்கு இத்தனை ரூபா என்று அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்தால் போதும், அன்று நள்ளிரவில் இருந்து அமுல். அறுவடை நேரத்தில் கூட்டி, பஞ்ச நேரத்தில் குறைப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் களஞ்சியத்தில் சரக்கு வைத்திருக்கிற இறக்குமதியாளருக்கு அறவீடு கூடினாலும் இலாபம், குறைந்தாலும் அடுத்த கப்பலில் இலாபம். தறையில் வெங்காயம் நிற்கிற ஆளுக்கு நாளையைப் பற்றி யோசிக்கிற வசதியே இல்லை. கிண்டாமல் விட்டால் அழுகும்.

இதில் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம். வெங்காயம் விற்பவர்களை விட வாங்குபவர்கள் அதிகம். திருகோணமலை டவுனில் நாள் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு இந்திய வெங்காயம் மலிவாக வருவது பெரிய உதவி. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது பெரிய வெங்காயத்தின் விலை என்ன பாடு படுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த விலையைப் பார்த்து முன்பு தோட்டத்தை விட்டவர் உடனே திரும்பி வர ஏலாது. விதை வெங்காயம் இல்லை, தறை பற்றை பிடித்துக் கிடக்கிறது, மகன் கட்டாரில். மலிவு இறக்குமதி ஒரு தொழிலை மூடிவிட்டால், விலை ஏறினாலும் அது தானாகத் திறக்காது. வர்த்தகம் பற்றிய விவாதங்களில் நான் காணாத புள்ளி இதுதான். புத்தகத்தில் ஆட்கள் ஒரு தொழிலில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவார்கள். இங்கே போவதற்குப் பஸ் காசும் இல்லை, போகிற இடமும் இல்லை.

வடக்கு கிழக்குக்கு என்று தனிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டிப் பிடித்தபோது யாழ்ப்பாணத்திலும் இந்தப் பக்கத்திலும் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. தெற்கில் பாணுக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு அது கஷ்டகாலம், மிளகாய்த் தோட்டக்காரருக்குப் பொற்காலம். ஜே.ஆர். ஜயவர்தன கதவைத் திறந்ததும் முதல் அடி இவர்களுக்கு. அடுத்த கட்டமாகக் கார்மென்ட்ஸும் சுற்றுலாவும் வேலை கொடுத்திருக்க வேண்டும். அதற்குள் 1983 கலவரமும் போரும் வந்துவிட்டது. ஆலைகளும் ஹோட்டல்களும் கொழும்பைச் சுற்றியும் தென்கரையிலும் எழும்ப, இங்கே சோதனைச்சாவடி எழும்பியது. திறந்த பொருளாதாரத்தின் நட்டம் எங்களுக்கு உடனே வந்தது, இலாபத்தில் ஒரு துண்டு 2009இல் போர் முடிந்த பிறகுதான் எட்டிப் பார்த்தது. இதற்கு உலகமயமாதலைக் குறை சொல்வதா, போரைக் குறை சொல்வதா? நான் பெரும்பங்கைப் போரின் கணக்கில் எழுதுவேன். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து விழுந்த அடி. அடி வாங்கியவருக்கு அதைப் பிரித்துக் காட்டி ஆவது ஒன்றுமில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருவோம். சீனக்குடாவில் சிங்கப்பூர்க் கம்பனியான பிறீமாவின் மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் இருக்கிற மாவாலைகளில் உலகத்தின் பெரியவற்றில் ஒன்று. கோதுமை ஒரு மணிகூட இந்த நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வருகிறது, அரைபடுகிறது, லொறியில் நாடு முழுக்கப் போகிறது. டோக்கியோ சீமெந்தும் அப்படித்தான், சீமெந்துக்கு மூலமான கிளிங்கர் என்ற சுட்ட கட்டி கப்பலில் வந்து இங்கே அரைபட்டு மூட்டையாகிறது. நல்ல வேலைகள்தான், சம்பளமும் மோசமில்லை. ஆனால் இயந்திரம் செய்கிற வேலைக்கு ஆள் எத்தனை பேர் வேண்டும்? சுங்கத் தீர்வையும் கம்பனி வரியும் கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது, இலாபம் பங்குதாரருக்குப் போகிறது, ஊருக்குச் சோலைவரியும் சில நூறு குடும்பங்களின் சம்பளமும் மிஞ்சுகிறது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு ஏறி, உக்ரைன் போரும் சேர்ந்தபோது, நாட்டின் மாவில் பெரும்பங்கை அரைக்கிற ஊரிலும் பாண் 200 ரூபாவைத் தாண்டித்தான் விற்றது. பக்கத்தில் ஆலை இருப்பதால் விலையில் ஐந்து சதம் குறையவில்லை.

இயற்கைத் துறைமுகம், ஆழம், அடைப்பு என்று நாங்கள் பெருமை பேசுகிறோம். கொள்கலன் கப்பலுக்கு அது மட்டும் போதாது. கிழக்கு மேற்குக் கப்பல் பாதைக்குக் கிட்ட இருப்பதும் பின்னால் ஆலைகள் இருப்பதும்தான் முக்கியம். அதனால் கொழும்பு செயற்கையாக அலைத்தடுப்புக் கட்டிக்கொண்டு எங்களை முந்திவிட்டது.

எங்கள் மாவட்டத்தின் வடக்கு முனையில் இருக்கிற புல்மோட்டையைப் பாருங்கள். அந்தக் கடற்கரைக் கறுப்பு மணலில் இல்மனைட், ரூடைல், சிர்கோன் என்ற கனியங்கள் எல்லாம் இருக்கிறது. 1957இல் அமைத்த அரசாங்கத்தின் கனிய மணல் நிறுவனம் அதைப் பிரித்து விற்கிறது. இடையில் போர், 1997 செப்டெம்பரில் அங்கே இல்மனைட் ஏற்றிக்கொண்டு நின்ற கோர்டியாலிட்டி கப்பல் தாக்கப்பட்டது. இல்மனைட் தொன்னுக்குச் சில நூறு டொலர்தான். அதில் இருந்து எடுக்கிற டைட்டேனியம் வெள்ளை நிறமி தொன்னுக்கு இரண்டாயிரம் டொலர் அளவில் அல்லது அதற்கு மேல். அந்த நிறமி பெயின்ட் வாளிக்குள் இருந்து திரும்ப எங்கள் சுவருக்கு வருகிறது. “இங்கேயே நிறமி செய்யலாமே” என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். செய்யலாம். ஆனால் ஒரு வழிக்குக் கந்தக அமிலம் மலை மலையாக வேண்டும், கழிவைக் கொக்கிளாய்க் களப்பில் விடவும் முடியாது. மற்ற வழிக்குக் குளோரின் வேண்டும், தொழில்நுட்பம் சில கம்பனிகளின் கையில். இரண்டுக்கும் மலிவான, நிற்காத கரண்ட் வேண்டும். போதாக்குறைக்குப் பல பணக்கார நாடுகள் மூலப்பொருளுக்கு வரி போடாமல், பதப்படுத்தினால் வரி போடுகின்றன. மண்ணாகக் கொண்டு வா, மாவாகக் கொண்டு வராதே என்பதுதான் அந்த வரிப் பட்டியலின் பாஷை. ஏற்றத்தாழ்வு ஒரு சங்கிலியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதால் வருகிறது. புல்மோட்டை அந்தச் சங்கிலியின் முதல் வளையத்தில் அறுபது வருடத்துக்கு மேலாக நிற்கிறது.

பொருளும் காசும் எல்லை தாண்டுகிற சுதந்திரம் ஆளுக்கு இல்லை. ஒரு ஆளின் வருமானத்தில் பாதிக்கு மேல் அவர் எந்த நாட்டில் பிறந்தார் என்பதாலேயே தீர்ந்துவிடுகிறது என்கிறார் மிலானோவிச். அப்படியென்றால் ஏற்றத்தாழ்வைக் குறைக்க மிகப் பலமான வழி ஆட்கள் நகர்வதுதான், மிக இறுக்கமாகப் பூட்டியிருப்பதும் அந்தக் கதவுதான். மூதூர், கிண்ணியா வீடுகளில் கல்லு வீடு எழும்பியது சவுதிக் காசிலும் குவைத் காசிலும். நாட்டுக்கு 2020இல் வெளிநாட்டில் இருந்து ஆட்கள் அனுப்பிய காசு 7.1 பில்லியன் டொலர். கார்மென்ட்ஸ் கொண்டு வருவதை விடக் கூட. 2022இல் அது 3.8 பில்லியனாக விழுந்தது. சனம் அனுப்பாமல் விடவில்லை. வங்கி கொடுத்த விலையை விட, வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிற உண்டியல்காரர் கூடக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தக் காசின் விலை என்ன என்பதும் மூதூருக்குத் தெரியும். ரிசானா நபீக் 2005இல் 17 வயதில், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதிப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டவர். பராமரித்த குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9ஆம் திகதி சவுதியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். வர்த்தக ஒப்பந்தங்களில் ஒரு கொள்கலன் இறாலுக்கு என்ன தராதரம், என்ன முறைப்பாட்டு வழி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் எழுதுவிக்க எங்கள் அரசாங்கங்களுக்குப் பலம் இருக்கவில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்து என்று நான் சொல்வதாக எடுக்காதீர்கள். மஞ்சள் கதை நினைவிருக்கும். இறக்குமதியைத் தடுத்தார்கள், உள்ளூர் விவசாயிக்கு விலை கிடைக்கும் என்றார்கள். மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது, கடையில் மாக் கலந்த தூள் விற்றது, மன்னார் கரையில் கடத்தல் மூட்டைகள் பிடிபட்டன. ஆதாயம் பார்த்தவர்களில் முதலாவது, தடைக்கு முன் சரக்கு வைத்திருந்தவர்கள். நடுகிறவருக்கு விதைக் கிழங்கு வாங்கவே விலை கட்டவில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியது என்ன செய்தது என்று கந்தளாய், சேருவில வயல்காரரிடம் கேளுங்கள். திறப்பதென்றாலும் சாத்துவதென்றாலும் நள்ளிரவு வர்த்தமானியில் செய்தால் நட்டம் ஒரே ஆட்களுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

கடைசிக் கேள்வி, வெளிநாட்டு முதலீடு. எதிர்ப்பா வரவேற்பா என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காணி, வரி, வேலை என்று பிரித்துக் கேட்டால் சொல்லலாம். சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்த சனத்தின் காணியை முதலீட்டு வலயத்துக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். 818 ஏக்கர் விடுபட 2015 ஆனது. அங்கே இந்தியாவோடு சேர்ந்து கட்ட இருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, இப்போது 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நட்டிருக்கிறார்கள். நிலக்கரியை விட இது ஊருக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சூரியப் பலகை நட்ட பிறகு அதற்கு ஆள் தேவை மிகக் குறைவு என்பதிலும் சந்தேகமில்லை. அப்படியென்றால் ஊர்க்காரர் கேட்க வேண்டியது வேலையை மட்டும் இல்லை. குத்தகைக் காசில் பிரதேச சபைக்கு எவ்வளவு, மாட்டுக்கு மேய்ச்சல் தரை எங்கே, கட்டுமான ஒப்பந்தம் எந்த ஊர் ஆட்களுக்கு என்பதைத் திட்டம் கையெழுத்தாகும் முன் கேட்க வேண்டும்.

எண்ணெய்க் குதங்களுக்கும் இதே கேள்விதான். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 99 குதங்களில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 இலங்கை அரசாங்கத்தின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். அந்த நேரம் கொழும்புப் பத்திரிகைகளில் நான் வாசித்த வாதமெல்லாம் இந்தியாவா சீனாவா என்பதிலேயே சுற்றியது. குதங்களைத் திருத்துகிற வெல்டிங் வேலைக்குச் சீனக்குடாப் பொடியன்களை எடுப்பார்களா என்று ஒருவரும் எழுதவில்லை. உங்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், அந்த 61 குதங்களையே எடுங்கள்.